கீழ்வரிசைக் கூண்டுகள்

எலி என்றால் ஊரில் பொறி வைப்பார்கள், மருந்து வைப்பார்கள், துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு துரத்துவார்கள். அதே எலிக்கு மரத்தூள் பரப்பிப் படுக்கை போட்டு, பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டதா என்று எட்டி எட்டிப் பார்க்கிற மனிதர் ஒருவரும் இருக்கத்தான் செய்தார். ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கத்தில் ஜன்னலே இல்லாத எலிக்கூடம். அதில் பத்தொன்பது வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. மருமகப்பிள்ளைக்குச் செய்கிற மாதிரி எலிக்குச் செய்கிறாரே என்று யாரோ ஒருநாள் கிண்டலடிக்கப் போக, வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் 'மாமனார்' ஆகிவிட்டார். நிஜத்தில் அவருக்கு மகளும் இல்லை, மகனும் இல்லை. வீட்டில் அவரும் மனைவியும்தான்.

அந்த மனைவிக்கு நாலு வருஷமாகச் சிறுநீரகக் கோளாறு. எலிக்கூடத்து மாமனாரைப் பார்த்தவர்கள் வீட்டு மாமனாரைப் பார்த்தால் ஆள் மாறிவிட்டதோ என்று நினைப்பார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டு, அதிலிருந்து இம்மி பிசகமாட்டார். உப்பு அவர் கையால்தான் விழும். அதுவும் விழுந்ததா இல்லையா என்று நாக்குக்குச் சந்தேகம் வரும். உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு சமையல். குடிக்கிற தண்ணீர் நாளைக்கு ஒரு பாட்டில், அதிலும் வேளைக்கு ஒரு கோடு.

"ஜெயில்ல கூட ஞாயித்துக்கிழம எதாவது விசேஷமா போடுவாங்களாம், வார்டன் சார்," என்பாள் அவள்.

"சட்டம்னா சட்டம்தான்," என்று சொல்லிவிட்டு மனிதர் அந்தப் பக்கம் போய்விடுவார்.

அவள் முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும், இளகினால் கை தாராளமாகிவிடும், தாராளமானால் அவளை இழந்துவிடுவோம். இதுதான் அவருடைய பயம். அதனால் முகத்தைப் பார்க்காமலே பேசப் பழகிக்கொண்டார். பயப்படுகிறார் என்பது அவளுக்குத் தெரியாது. கல் நெஞ்சுக்காரர் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும். தோன்றியதை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டரம்மா எலிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். நடக்கத் தெரியாது, எங்கே போனாலும் ஓட்டம்தான். வந்த முதல் நாளே எலிக்காரரை 'அண்ணா' என்று கூப்பிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் என்ன செய்யப்போகிறேன் என்று விளக்கினார். பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படி விளக்கிச் சொன்னதில்லை. கூண்டைக் கழுவு, தீனியைப் போடு, அதோடு சரி.

"கிட்னியில அடிபட்டா, அது ஆறும்போது தழும்பு விழும்ணா. தோல்ல சுட்டுக்கிட்ட எடம் மாதிரி. கையில தழும்புன்னா முழுக்கைச் சட்ட போட்டு மறைச்சுக்கலாம். கிட்னியில விழுந்தா அந்த எடம் அவ்வளவுதான், வேல செய்யாது. தழும்பு பரவப் பரவ கிட்னி சுருங்கிப் போயிடும். வைட்டமின் டி இருந்தா அந்தத் தழும்பு மெதுவாத்தான் பரவுதுன்னு எனக்கு ஒரு நம்பிக்கை. ஆனா நம்பிக்கைய யாரும் ஏத்துக்க மாட்டாங்க, கண்ணால பாக்கற மாதிரி காட்டணும்."

நாற்பத்தெட்டு எலிகள். கூண்டுக்கு நாலு வீதம் பன்னிரண்டு கூண்டுகள். ஒரு ரேக்கில் பச்சை அட்டை தொங்கும் ஆறு, எதிர் ரேக்கில் சிவப்பு அட்டை தொங்கும் ஆறு. பச்சைக்கு எல்லாச் சத்தும் உள்ள தீனி. சிவப்புக்கும் பார்வைக்கு அதே தீனிதான், வைட்டமின் டி மட்டும் அதில் இருக்காது. எட்டு வாரம் இப்படி. பிறகு எல்லா எலிக்கும் ஒரு பக்கச் சிறுநீர்க் குழாயைக் கட்டிவிடுவார்கள். அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் தேங்கி வீங்கித் தழும்பு விழ ஆரம்பிக்கும். இரண்டு வாரம் கழித்து சிறுநீரகத்தை எடுத்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். தழும்பு உள்ள இடம் மட்டும் நீலமாகத் தெரியுமாம்.

"என் வீட்டுலயும் இதே வியாதிதான் மேடம்," என்றார் அவர், மெல்ல. "அவள வெயில்ல உக்கார வெச்சா சரியாப் போயிடுமா? வெயில்ல அந்த வைட்டமின் இருக்குன்னு சொல்றாங்களே."

"வெயில் பட்டா தோல் பாதி வேலதான் செய்யும்ணா. மிச்ச வேலைய கிட்னிதான் செஞ்சு முடிக்கணும். கிட்னியே படுத்துட்டா அது எப்படிச் செய்யும்? அதுவுமில்லாம, ஏற்கெனவே விழுந்த தழும்ப எதுவும் அழிக்காது. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். இனிமே விழப்போறத தள்ளிப்போட முடியுமான்னுதான் பாக்கறேன். எலியில வித்தியாசம் தெரிஞ்சா, அடுத்தது கிட்னி வார்டுல நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாக்க அனுமதி கெடைக்கும். அப்போ உங்க வீட்டம்மாவையும் சேர்த்துக்கலாமான்னு பாக்கறேன்."

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் இதைச் சொன்னார். செய்தி வாசிப்பவர் மாதிரி, துளி உணர்ச்சி இல்லாமல்தான் சொன்னார். அவளுக்கு அது போதுமாயிருந்தது. அன்றிலிருந்து அவர் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும். "உங்க மருமகப்பிள்ளைங்கல்லாம் சௌக்கியமா? எனக்காகத்தான் சாப்பிடறாங்களாம், நல்லா கவனிங்க."

மூன்றாவது வாரம் ஒரு காலையில் அது நடந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கொடுத்த வாழைப்பழத்தை அவள் உரித்து ஒரு கடி கடித்திருந்தாள். அந்த வியாதிக்கு வாழைப்பழம் கூடாது என்று தாளில் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையிலிருந்து பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். அவள் வாயில் இருந்ததை முழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எலிக்கூடத்துக்கு வந்து சேர்ந்ததும் தீனி போடும் வேலையைத் தொடங்கினார். இந்த ஆராய்ச்சியில் சேராத மற்ற எலிகளுக்கான சாதாரணத் தீனிக்கட்டிகள் ஒரு வாளியில் இருந்தன. தானிய வாசம் அடிக்கும் பழுப்புத் தீனி. வாளியோடு சிவப்பு அட்டைக் கூண்டுகளைத் தாண்டிப் போகும்போது, உள்ளே இருந்தவை பின்னங்காலில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தன. வீட்டில் பிடுங்கிவிட்டு வந்த கைக்கு அதைத் தாங்க முடியவில்லை. இங்கேயும் நானேதானா இல்லை என்று சொல்ல வேண்டும்? ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். போடும்போது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, எலிகள் யாரிடமும் போய்ச் சொல்லாது என்று நினைத்துக்கொண்டார். மடையன் நினைக்கிற நினைப்பு.

ஒருநாள் என்பது தினமும் ஆயிற்று. ஒரு கைப்பிடியில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். சிவப்பு ரேக்கில் மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு கூண்டு. மேல் வரிசைக்கும் நடு வரிசைக்கும் நின்றபடியே போட்டுவிடலாம். கீழ் வரிசைக்கு முழங்காலை மடக்க வேண்டும். அவர் முழங்கால் மடங்கினால் நிமிர்வதற்கு ஒரு ஆள் வேண்டும், இல்லையென்றால் ரேக்கைப் பிடித்து ஆட்டிக்கொண்டு எழ வேண்டும், சத்தத்துக்குப் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கூண்டு கழுவும் நாளில் கீழ் வரிசையும் மேசைக்கு வரும்தான். ஆனால் அன்றைக்கு டாக்டரம்மா பக்கத்திலேயே நிற்பார். ஆக, அவருடைய கருணை கீழ் வரிசை வரைக்கும் இறங்கவில்லை. அந்த எட்டு எலிகளுக்கு அவர் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதோடு சரி.

பதிவேட்டில் தினமும் 'சிவப்பு அட்டை: சிறப்புத் தீனி மட்டும்' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாரங்கள் ஓடின. டாக்டரம்மா நாளைக்கு எட்டு எலி வீதம் ஆறு நாள் அறுவை செய்தார். இரண்டு வாரம் கழித்து அவருடைய பன்னிரண்டு கூண்டுகளும் காலியாயின. சிறுநீரகச் சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகள் டாக்டரம்மாவின் மாடி அறைக்குப் போயின. மாமனார் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா படியிறங்கி வந்தார். ஓட்டம் இல்லை, நடந்து வந்தார்.

"ஒண்ணுமில்லண்ணா. பச்சையும் சிவப்பும் ஒரே மாதிரிதான் இருக்கு. வைட்டமின் இருந்தாலும் அவ்வளவு தழும்பு, இல்லாட்டியும் அவ்வளவு தழும்பு."

"ஒரு வித்தியாசமும் இல்லையா மேடம்?"

"இல்ல. மூணு வாரத்துல கமிட்டி கூடுது. அன்னைக்கு ஏதாவது காட்டினா இன்னும் ஆறு மாசம் குடுப்பாங்க. ஏதாவது தப்பு நடந்துச்சுன்னு காட்டினாக்கூட போதும், திருப்பிச் செய்யச் சொல்லுவாங்க. அதனாலதான் உங்க பதிவேட்ட முழுசா எடுத்துப் பாத்தேன். ஒரு நாள் கூட விட்டுப்போகல. உங்க பக்கம் ஒரு குறையும் சொல்ல முடியாதுண்ணா." சொல்லிவிட்டு, ஏதோ பெரிய பாராட்டு கொடுத்த மாதிரி லேசாகச் சிரித்தார்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினார்.

அடுத்த மூன்று வாரம் அவர் பட்ட பாட்டை மிச்சமிருந்த மற்ற எலிகள்தான் பார்த்தன. ஓய்வு பெற இன்னும் பதினாறு மாதம். வேலை போனால், அந்த வேலையை நம்பி நடக்கிற மனைவியின் வைத்தியமும் போகும். இது நிஜமான பயம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதோடு கூடவே ஒரு பொய்ச் சமாதானமும் வந்து ஒட்டிக்கொண்டது. நான் போடாமல் இருந்தாலும் முடிவு இப்படித்தான் வந்திருக்கும், வைட்டமினில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று. இரண்டு தடவை மாடியேறினார். முதல் தடவை டாக்டரம்மா போனில் இருந்தார், அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிட்டார். இரண்டாவது தடவை அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "சொல்லுங்கண்ணா," என்றே கேட்டார். இவர் அடுத்த வாரம் அரைநாள் லீவு வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டிலோ கேள்வி நிற்கவில்லை. "கமிட்டி என்னிக்கு? என் பேரு வருமா?"

"பாக்கலாம்," என்பார்.

கமிட்டி கூடியது. அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வைட்டமின் டி ஆராய்ச்சி இத்தோடு நிறுத்தம், நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் யோசனை தேவையில்லை, டாக்டரம்மாவின் இடம் மாதக் கடைசியோடு முடிகிறது. வாசல் காவலாளி சொல்லித்தான் மாமனாருக்குத் தெரிந்தது. அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் மாடியேறியபோது முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

டாக்டரம்மா புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். மாமனார் உட்காரவில்லை. நின்றபடியே, தரையைப் பார்த்தபடியே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

டாக்டரம்மா கையிலிருந்த புத்தகத்தை மெல்லக் கீழே வைத்தார். "சாதாத் தீனியா?"

"ஆமா மேடம்."

"எவ்வளவு?"

"ஒரு கைப்பிடி. கூண்டுக்கு ஒரு கைப்பிடி."

"தினமுமா?"

"தினமும்."

"அதுல வைட்டமின் டி நெறையவே இருக்குண்ணா." குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாயிருக்கும். "ஆறு கூண்டுக்குமா போட்டீங்க?"

"இல்ல மேடம். கீழ் வரிசைக்குப் போடல. கால் மடக்க முடியல."

டாக்டரம்மா ஒரு பெட்டியின் மூடியைப் பிய்த்து, இரண்டு பெட்டியைத் தள்ளி, மூன்றாவதிலிருந்து ஒரு சின்ன மரத்தட்டை எடுத்தார். அதில் எட்டு ஸ்லைடுகள். தட்டின் ஓரத்தில் ஒட்டிய தாளில் அவருடைய கையெழுத்தில் 'கணக்கில் சேர்க்க வேண்டாம்' என்று இருந்தது.

"கீழ் வரிசைய நான் கடைசி நாள் ஆபரேஷன் பண்ணேன். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். இந்த எட்டுலயும் தழும்பு எக்கச்சக்கமா இருந்துச்சு. கை நடுங்கி, பக்கத்து ரத்தக்குழாயையும் சேத்து இறுக்கிட்டேன், என் கைக்கோளாறுதான்னு நெனச்சு ஒதுக்கி வெச்சுட்டேன்."

ஒரு ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொரு கையில் பச்சை ரேக்கின் ஸ்லைடு ஒன்று. மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை. பச்சை ரேக்கின் ஸ்லைடில் அங்கங்கே நூல் மாதிரி நீலம். கீழ் வரிசையின் ஸ்லைடில் மை கொட்டிய துணி மாதிரி ஒரே நீலம். மாமனார் அதைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக எலி வளர்த்தும், எலிகள் எதற்காக வளர்க்கப்படுகின்றன என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்.

"அப்போ நீங்க நெனச்சது சரிதானே மேடம்? வாங்க, இப்பவே போலாம். நான் வந்து சொல்றேன், கையெழுத்துப் போடறேன்."

"நேத்து காலையில வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "இப்போ எட்டு எலி, உங்க வாய்ச்சொல். அதுவும் நானே ஒதுக்கி வெச்ச எட்டு. முடிவு வந்தப்புறம் அத எடுத்துட்டு ஓடினா யாரு நம்புவாங்க? வேற யாராவது இப்படி வந்து சொன்னா நானே நம்ப மாட்டேன். இது சரியா தப்பான்னு தெரியணும்னா மொதல்லேருந்து செய்யணும். செய்ய எனக்கு எடமில்ல."

டாக்டரம்மா ஸ்லைடைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"பாவம் பாத்தீங்களா?"

மாமனார் தலையசைத்தார்.

"நாப்பத்தெட்டையும் கொன்னுதாண்ணா பாத்தோம். அதுங்க எதுக்காகச் செத்ததுன்னு சொல்றதுக்கு இப்போ ஒண்ணுமே இல்ல." அதைச் சொல்லும்போதுதான் டாக்டரம்மாவின் குரல் உடைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடியும் புத்தகம் அடுக்க ஆரம்பித்தார். தட்டை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மாமனார் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு இயக்குநரிடம் கொடுத்தார். இயக்குநர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், பெருமூச்சு விட்டார். எலிக்கூடத்திலிருந்து சாமான் கிடங்குக்கு மாற்றல், ஓய்வு பெறும் வரை அங்கேயே இருக்கலாம் என்றார். வேலை போகவில்லை. எதற்குப் பயந்து மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ அது நடக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்து மடித்தாள்.

"என்னங்க, டாக்டரம்மா எப்போ கூப்பிடுவாங்களாம்?"

"கூப்பிட மாட்டாங்க," என்றார். எதிரே உட்கார்ந்தார். வாழைப்பழத்தைப் பிடுங்கிய காலையில் தொடங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்த நீலம் வரை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் கையில் இருந்த துண்டை மட்டும் மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் எரிந்து விழுவாள், எனக்குக் கிடைக்க இருந்த வைத்தியத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்று அழுவாள் என்று அவர் காத்திருந்தார்.

"எலியைப் பாத்து அழுதீங்களா?" என்று கேட்டாள்.

"ம்."

"எனக்குத் தெரியாதே." துண்டை மடியில் வைத்தாள். "என்னைப் பாத்தா உங்களுக்கு ஒண்ணுமே தோணறதில்லன்னுதான் நாலு வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். பழத்தப் புடுங்கின அன்னைக்குக் கூட, இந்த மனுஷனுக்கு நான் இன்னொரு வேலை, அவ்வளவுதான்னு நெனச்சேன்."

"அப்படியெல்லாம் இல்ல," என்றார். "உன் மொகத்தப் பாத்தா எங்க குடுத்துடுவேனோன்னு..."

"குடுக்கச் சொல்லி யாரு கேட்டா? கூடாதுன்னு எனக்கும்தான் தெரியும். புடுங்கிட்டு, பக்கத்துல உக்காந்து, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். எனக்கும் மனசு ஆறியிருக்கும். உங்களுக்கும் அத எலிகிட்ட கொண்டுபோய்க் கொட்ட வேண்டி வந்திருக்காது. அந்தம்மா வேலையும் கெட்டிருக்காது."

சொல்லிவிட்டு, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழுந்து, மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.